ரயரை விடுங்கள், முதலில் றிம்மைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு சைக்கிள் மாஸ்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல், உள்ளே ரியூப் இல்லாமலே காற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரியூப்லெஸ் ரயரைப் பற்றியவை. வெளிநாட்டிலிருக்கும் அண்ணன்மார், மாமாமார் புண்ணியத்தில் காபன் சில்லுகள் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வந்து இறங்குகின்றன. சில்லோடு ரயர் வருவதில்லை, ரயரோடு விளக்கம் வருவதில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாஸ்டர், கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு சோடி காபன் சில்லு அனுப்பியிருக்கிறார். டிஸ்க் பிறேக். இதுவரை 25 மில்லிமீற்றர் அகல ரயரில் ரியூப் போட்டு 110 பி.எஸ்.ஐ. காற்று அடித்துத்தான் றேஸ் ஓடினேன். 25இலேயே நல்ல ரியூப்லெஸ் ரயர் ஒன்று சொல்லுங்கள். 700 என்று இருக்கிற எந்த ரயரும் போடலாம் என்று இங்கே கடையில் சொன்னார்கள். என் நிறை 64 கிலோ. றிம்மின் படம் இணைத்திருக்கிறேன்.
— கி. த., களுவாஞ்சிக்குடி

படம் அனுப்பினீர்களே தம்பி, அதுதான் கெட்டித்தனம். பெருப்பித்துப் பார்த்தேன். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 622x23 ரி.எஸ்.எஸ். என்று இருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

622 என்பது ரயர் வந்து உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். நாங்கள் 700 சி என்று சொல்வது இதைத்தான். 23 என்பது றிம்மின் உள்ளகலம். இரண்டு சுவருக்கும் நடுவில் அளந்தால் வருவது. கடைசி மூன்று எழுத்துத்தான் முக்கியம். ரி.சி. என்று இருந்தால் றிம் சுவரின் மேல் ஓரத்தில் உள்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி வளைந்திருக்கும். காற்று ஏற ஏற, ரயரின் ஓரம், அதாவது பீட், அந்தக் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். உங்களுடையது ரி.எஸ்.எஸ். கொக்கி கிடையாது. சுவர் நேராக நிற்கும். இதைத்தான் ஹூக்லெஸ் என்கிறார்கள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும்.

கொக்கி இல்லையென்றால் ரயரைப் பிடித்து வைத்திருப்பது எது? பீட் இழுபடாமல் இருப்பது ஒன்றுதான். சாதாரண ரயரின் பீட் அழுத்தத்தில் கொஞ்சம் இழுபடும். ரியூப்லெஸ் ரயரின் பீட்டை இழுபடாத நாரில் இறுக்கமாகச் செய்திருப்பார்கள். அதனால் 700 என்றால் எதையும் போடலாம் என்ற பேச்சை இந்தச் சில்லோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ரயரில் ரியூப்லெஸ் என்று இருக்க வேண்டும், ஹூக்லெஸுக்குச் சரி என்றும் இருக்க வேண்டும். பெட்டியை மட்டும் நம்பவேண்டாம். றிம் செய்த கொம்பனியும் பொருந்தும் ரயர்களின் பட்டியல் ஒன்று வெளியிட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் வாங்குங்கள்.

அடுத்தது காற்று. ஹூக்லெஸ் றிம்முக்கு உச்சம் 5 பார், எங்கள் கணக்கில் 72.5 பி.எஸ்.ஐ. உள்ளே ரியூப் போட்டாலும் அந்த உச்சம் கூடாது. 110ஐ மறந்துவிடுங்கள். 110 அடித்தால் ஓடத் தொடங்கும் முன்னரே, பம்மைக் கையில் வைத்திருக்கும்போதே ரயர் கழன்று முகத்தில் அடிக்கலாம்.

25 ரயரும் வேண்டாம். 23 உள்ளகலத்துக்கு 28க்குக் கீழே போகாதீர்கள். 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றோட்டத்தில் பெல்ஜியம் வீரர் தோமஸ் டி ஹெண்ட் விழுந்தது ஞாபகம் இருக்கலாம். ஹூக்லெஸ் றிம்மில் இருந்து ரயர் கழன்றுபோனது. ஏதோ ஒன்றில் அடிபட்டதுதான் காரணம் என்று தயாரித்தவர்கள் பக்கத்தில் சொன்னார்கள். றிம்முக்கு ரயர் அகலம் காணாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அங்கே 25 உள்ளகலத்தில் 28 ரயர் போட்டிருந்தது. வீரர் சங்கத் தலைவர் ஆதம் ஹான்சன் ஹூக்லெஸே வேண்டாம் என்று நின்றார். வல்லுநர்களே இழுபறிப்படுகிற ஒரு மில்லிமீற்றரில் நீங்களும் நானும் விளையாடத் தேவையில்லை. 28 போடுங்கள், சட்டகத்தில் இடம் இருந்தால் 30 போடுங்கள். 23 றிம்மில் 28 ரயர் விரிந்து 29, 30 வரைக்கும் வரும். ஆகவே முதலில் முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கின் இடைவெளியை அளந்து பாருங்கள்.

64 கிலோவுக்கு முன்னுக்கு 58, பின்னுக்கு 62 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். மெத்தென்று தெரிந்தால் இரண்டு கூட்டுங்கள், கை விறைத்தால் இரண்டு குறையுங்கள். வேகம் குறையும் என்று பயப்படாதீர்கள். கல்லுப் போல காற்றடித்த ரயர் கண்ணாடி போன்ற தரையில்தான் ஓடும். எங்கள் வீதியில் அது துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் உங்கள் காலில் இருந்துதான் பலம் போகிறது. கல்லடியில் இருந்து கல்முனை வரைக்கும் காப்பெட் வீதி, அதில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மண்முனைப் பாலத்தால் இறங்கி கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்ப் பாருங்கள். கிறவல் சிதறிக் கிடக்கும் இடத்தில் 60 பி.எஸ்.ஐ. என்ன செய்கிறது என்று கால் சொல்லும்.

கொன்டினென்டல், ஷ்வால்பே, விற்றோரியா, பிரெல்லி என்று எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? பொத்துவில், சியம்பலாண்டுவைப் பக்கம்தான் கூட ஓடுகிறேன். றிம் கொக்கியுள்ளது, உள்ளகலம் 21.
— ஒரு வாசகர், அக்கரைப்பற்று

நாலும் நல்ல ரயர். அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. கேட்கவேண்டியது வேறு: இந்த ரயர் றேசுக்கா, தினசரி ஓட்டத்துக்கா?

விற்றோரியா கோர்சா புரோவின் உடல் பருத்தி நூல். வளைந்து கொடுக்கும், ஓடினால் சுகமே தனி. ஆனால் கண்ணாடித் துண்டு, கூர்க்கல் என்றால் கெதியாக வெட்டுப்படும். கொன்டினென்டல் ஜி.பி. 5000 எஸ் ரி.ஆர். நைலோன் உடல், நடுவில் வெட்டுத் தாங்கும் பட்டி ஒன்று. 28 அளவில் ஒன்று 280 கிராம் என்று கொம்பனி சொல்கிறது. அதே பெயரில் ஏ.எஸ். என்று ஒன்றும் இருக்கிறது, ஈரத்துக்கும் கரடுமுரடுக்கும் செய்தது. நிறை கூட, உயிரும் கூட. ஷ்வால்பே புரோ வன் றிம்மில் ஏற்றுவதற்கு லேசு. பிரெல்லி பி சீரோ பற்றி என்னிடம் ஓடுகிற பிள்ளைகள் குறை சொன்னதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீதியில் நான் என்றால் தினமும் ஓட ஏ.எஸ். போன்ற தடித்த ரயரைப் போடுவேன், றேசுக்கு இரண்டு நாள் முன்னர்தான் மெல்லியதை மாற்றுவேன். பொத்துவில் தாண்டி லகுகலைக் காட்டுக்குள் காற்றுப் போனால் ரயரின் உருளல் தடையைப் பற்றி யோசிக்க மாட்டீர்கள், யானையைப் பற்றித்தான் யோசிப்பீர்கள்.

கொக்கியுள்ள 21 றிம் என்றால் உங்களுக்குத் தெரிவு அதிகம். 25இல் இருந்து 32 வரைக்கும் போடலாம். ஆனாலும் 28 போதும். பெரிய ரயரைப் போட்டுவிட்டு மறுபடி 100 பி.எஸ்.ஐ. அடிக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அப்படியென்றால் காசு வீண்.

மாஸ்டர், ரயருக்குள் விட்ட பால் மூன்று மாதத்தில் காய்ந்து போய்விட்டது. நெருஞ்சி முள் குத்தினதும் காற்று நேரே போயிற்று. ரியூப்லெஸ் என்றால் முள்ளுக்குப் பயமில்லை என்றுதானே சொன்னார்கள்?
— ஒரு ஆசிரியை, ஆரையம்பதி

பயமில்லைத்தான் மகள், பால் இருக்கும்வரை. அந்தப் பால் பெரும்பாலும் இறப்பர் பால். முள் குத்தின ஓட்டையால் காற்றோடு சேர்ந்து வெளியே வரும்போது இறுகி ஓட்டையை அடைக்கும். பால் காய்ந்தால் ரயருக்குள் வெறும் இறப்பர்த் தோல்தான். கழற்றிப் பார்த்திருப்பீர்கள், ஆறின பாலாடை மாதிரிச் சுருண்டு ஒட்டிக் கிடந்திருக்கும்.

மூன்று மாதம் என்பது எங்கள் வெயிலுக்கு அதிகம். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாமே வறண்டுபோகும், ரயருக்குள் இருக்கும் பாலும் தப்பாது. சைக்கிளை பாடசாலை மதிலோரத்தில் வெயிலில் நிறுத்திவிட்டுப் படிப்பிக்கப் போகிறவர் என்றால் இன்னும் கெதியாக. குளிர்நாட்டுக்காரர் போத்தலில் எழுதின கணக்கை வைத்துக்கொண்டு இங்கே இருக்க முடியாது. கச்சான் காலத்தில் ஆறு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள், மாரியில் கொஞ்சம் நீட்டலாம்.

பார்ப்பது எப்படி? சில்லைக் கழற்றி காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்குங்கள். சளசள என்று கேட்டால் இருக்கிறது. சந்தேகம் என்றால் வால்வை மேலே வைத்து, காற்றை இறக்கி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு மெல்லிய பிளாஸ்ரிக் குச்சி ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் அதே வழியால் ஊசியில்லாத சிரிஞ்சியால் விடுங்கள். 28 ரயர் ஒன்றுக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர் காணும். போத்தலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள், அடைக்கிற துகள் எல்லாம் அடியில்தான் கிடக்கும். நல்ல சேலையோடு இந்த வேலை செய்யாதீர்கள். காய்ந்தால் கறை போகாது.

நெருஞ்சி முள்ளின் ஓட்டை சின்னது, நல்ல பால் இருந்தால் அடைத்துவிடும். உடைமுள் பெரியது. 60க்கு மேல் அழுத்தம் இருக்கும்போது பால் உடனே அடைக்காது, பீச்சி அடிக்கும். காற்று கொஞ்சம் இறங்கினதும்தான் பிடிக்கும். ஓட்டையைக் கீழே திருப்பி வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு கைப்பம்மால் அடியுங்கள். காபனீரொட்சைட்டுக் குப்பியால் அடித்தால் சில வகைப் பால் உள்ளேயே கட்டிபட்டுப் போகும், அவசரம் என்றால் மட்டும் அது.

ரயர் றிம்மில் உட்காரவே இல்லை. கைப்பம்மால் அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். பெற்றோல் செட்டில் கொம்பிறசரால் அடிக்கலாமா?
— ச. ம., கல்முனை

அடிக்கலாம், ஆனால் ஒழுங்காக.

முதலில் றிம்மின் உள்பக்க ஓட்டைகளை மூட ஒட்டுகிற றிம் ரேப்பைப் பாருங்கள். ரேப் உள்ளகலத்தைவிட இரண்டு மில்லிமீற்றர் கூட இருக்க வேண்டும், 21க்கு 23. ஆணி ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் பெருவிரலால் அழுத்தித் தடவுங்கள். ஒரு இடத்தில் காற்றுக் குமிழ் இருந்தாலும் காற்று அதால் போய்விடும். பழைய துணிக்கு ஒட்டுகிற ரேப் எல்லாம் இதற்குச் சரிவராது.

ரயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். றிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஏற்றின பீட்டை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசி நாலு அங்குலம் இளகும். புது ரயர் இறுக்கமாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுங்கள். வெயிலுக்கு இங்கே என்ன பஞ்சம்? ஸ்குரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதுவும் காபன் றிம்முக்குக் கிட்டவும் வரக்கூடாது.

பிறகு பீட் இரண்டு பக்கமும் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். வால்வின் உள்ளூசியைக் கழற்றுங்கள், காற்று ஒரேயடியாக உள்ளே போக அதுதான் வழி. உங்கள் வால்வு மெல்லியது, பெற்றோல் செட்டின் குழாய் பிடிக்காது. பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பொக்கெற்றில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற மானியை நம்பாதீர்கள். அது லொறிக்கும் வானுக்கும் வைத்தது, இரண்டு விநாடியில் 90ஐத் தாண்டிவிடும். உங்கள் றிம் ஹூக்லெஸ் என்றால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். சின்னச் சின்னதாக அழுத்தி விடுங்கள், டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்கும். உடனே நிறுத்துங்கள். பீட் உட்கார்ந்துவிட்டது. காற்றை இறக்கி, வால்வு வழியே பால் விட்டு, ஊசியைப் பூட்டி, வீட்டில் கைப்பம்மால் அளவுக்கு அடியுங்கள். மானி உள்ள பம்மாகப் பார்த்து.

சில்லைச் சுற்றிப் பாருங்கள். ரயரின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று றிம்முக்கு மேலே தெரியும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு இடத்தில் தாழ்ந்தோ மறைந்தோ இருந்தால் அந்த இடம் உட்காரவில்லை. அந்தச் சில்லில் ஏறி ஓடாதீர்கள்.

காக்கா, மோட்டார் சைக்கிளில் சாதாரண றிம்முக்கு ரேப் ஒட்டி ரியூப்லெஸ் ஆக்குகிறார்களே. என் பழைய அலுமினிய றேசிங் சில்லுக்கும் அப்படிச் செய்யலாமா?
— ஒரு தம்பி, சாய்ந்தமருது

வேண்டாம் தம்பி. மோட்டார் சைக்கிளில் 30 சொச்சம் பி.எஸ்.ஐ. உங்களுக்கு அதன் இரட்டை வேண்டும். ரியூப்லெஸ் றிம்மில் பீட் உட்காரத் தட்டையான ஒரு படியும், அது பள்ளத்துக்குள் வழுக்காமல் நிற்க ஒரு சின்ன மேடும் செய்திருப்பார்கள். உங்கள் பழைய றிம்மில் அது இல்லை. வளைவில் சாயும்போது பீட் உள்ளே வழுக்கினால் காற்று முழுக்க ஒரே மூச்சில் போய்விடும்.

பாரம் குறைய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ரி.பி.யூ. என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் வகை ரியூப் வாங்குங்கள். சாதாரண ரியூப் 100 கிராம் சொச்சம் இருக்கும், இது அதில் பாதிக்கும் குறைவு. நல்ல ரயருக்குள் இதைப் போட்டால் ரியூப்லெஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நல்ல கால் வேண்டும். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் பாலும் ரேப்பும் வாங்க இடமில்லாத ஊரில் இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

ரியூப்லெஸ் என்பது இப்போது வந்த பைத்தியமா, பழையதா?
— க. யோ., தம்பிலுவில்

மலைச் சைக்கிளுக்கு மாவிக் கொம்பனி 1999இல் கொண்டுவந்தது. வீதிச் சைக்கிளுக்கு 2006இல் ஷிமானோவும் ஹச்சின்சனும் சேர்ந்து செய்தார்கள். ஆனால் பெரிய றேஸ்காரர்கள் பல வருடம் திரும்பிப் பார்க்கவில்லை, றிம்மில் பசை போட்டு ஒட்டுகிற ரயரிலேயே நின்றார்கள். பிந்தித்தான் மாறினார்கள். ஆகவே பைத்தியம் இல்லை. எல்லாருக்கும் வேண்டியதும் இல்லை.

மகன் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவில் சைக்கிளோட்டம் ஓடப் போகிறான். ரியூப்லெஸ் வாங்கித் தந்தால்தான் வெல்வேன் என்று நிற்கிறான். வாங்கிக் கொடுக்கவா? சைக்கிள் அவனுடைய அப்பாவினது, கறுத்தச் சைக்கிள்.
— ஒரு தாய், வாழைச்சேனை

வேண்டாம் அம்மா. அந்தச் சைக்கிளின் றிம்முக்கு ரியூப்லெஸ் பொருந்தாது. சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போடச் சொல்லுங்கள். பிறேக் கட்டை சில்லில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின் ரயர் வழுவழு என்று தேய்ந்திருந்தால் புதிதாக ஒன்று. மிச்சக் காசுக்கு அவனுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள், இது குடிக்கிற பால்.

முன்னுக்கு 28, பின்னுக்கு 30 போட்டால் பிழையா?
— தெ. ர., செட்டிபாளையம்

பிழையில்லை. நிறையில் கூடுதல் பங்கு பின் சில்லில்தான் விழுகிறது, பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். காற்றடித்து ஒரு நாள் விட்டுவிட்டு, ரயர் விரிந்த பிறகு, பின்பக்கச் சட்டகத்துக்கும் ரயருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் நாலு மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். மாரியில் சேறு ஏறினால் அந்த இடைவெளி முழுவதும் தேவைப்படும்.